சிபேலியுஸின் இரு சிறு படைப்புகள்: ‘வால்ஸ் திரிஸ்ட்’, ‘அந்தாந்தே ஃபெஸ்திவோ’

பின்லாந்தின் இசையமைப்பாளர் ஜான் சிபேலியுஸைப் புதிதாகக் கேட்க விழைபவருக்கு ஏழு சிம்பொனிகளைவிட, சில நிமிடங்களுக்குள் முடியும் இவ்விரு படைப்புகளில் ஒன்றே நல்ல தொடக்கமாகும்.

‘வால்ஸ் திரிஸ்ட்’, அவருடைய மைத்துனர் அர்வித் யார்னெஃபெல்ட் எழுதிய ‘குவோலெமா’ (மரணம்) என்னும் நாடகத்துக்காக 1903இல் அமைத்த இசையிலிருந்து பிறந்தது. நோயுற்ற தாய் படுக்கையிலிருந்து எழுந்து, நிழலுருவங்களோடு நடனமாடி, இறுதியில் வாசலில் மரணத்தைச் சந்திக்கும் காட்சிக்குரிய இசை அது. தயங்கித் தொடங்கும் தாளம் மெல்ல வெறியேறி, சட்டென்று அறுந்து, சில வயலின்களின் மெலிந்த ஒலியில் அடங்குவதைக் கேட்கையில், கதை தெரியாதவர்க்கும் நெஞ்சு கனக்கும்.

‘அந்தாந்தே ஃபெஸ்திவோ’வில் கதை இல்லை. 1922இல் நால்வர் தந்தி இசையாக (வயலின் வகைத் தந்திக் கருவிகளை நால்வர் வாசிப்பது) எழுதப்பட்டு, பின்னர் தந்தி இசைக்குழுவுக்கு விரிக்கப்பட்ட இது, ஒரே மெட்டை இடைவிடாமல் அகலப்படுத்திச் செல்கிறது. டிம்பனி முரசு முடிவில்தான் ஒலிக்கிறது. 1939 ஜனவரி 1 அன்று வானொலிக்காகச் சிபேலியுஸே இதை நடத்திய பதிவு இன்றும் கிடைக்கிறது.

உடனே ஈர்ப்பது முன்னதுதான். எனினும் நான் பரிந்துரைப்பது பின்னதை, அதுவும் அந்தப் பழைய பதிவை. அவர் வேண்டிய நிதானத்தை அதில் நேரடியாகக் கேட்கலாம்.