முதல் லேஸ் சால்வைக்கு எந்த நூல்: பருத்தியா, மெரினோ கம்பளியா?

பழைய பாணியில் ஒரு லேஸ் சால்வை போட வேண்டும் என்று குரோஷே ஊசியைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் டிசைனைத்தான் முதலில் தேடுகிறார்கள். நூல் எது என்பதைக் கடையில் கிடைப்பதைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அன்னாசி டிசைனோ, வெறும் வலைப் பின்னலோ, தோளில் அது எப்படி விழும் என்பதை நூல்தான் முடிவு செய்கிறது. முதல் சால்வைக்கு எங்கள் தேர்வு மெரினோ கம்பளி. இதில் முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று, பிளாக்கிங். அதாவது பின்னி முடித்ததை நனைத்து, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைப்பது.

அக்ரிலிக்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது பிளாஸ்டிக் இழை. தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவைத்தாலும் ஊசிகளை எடுத்ததும் பழையபடி சுருண்டுகொள்ளும். நீராவி காட்டினால் படியும், ஆனால் ஒரு நொடி கூடினாலும் துவண்டு பளபளத்துப் போகும். போனால் திரும்பாது. நம் ஊர்க் கடைகளில் ‘வுல்லன் நூல்’ என்று கேட்டால் பல இடங்களில் எடுத்துத் தருவது இதைத்தான். சந்தேகம் வந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும்.

மிச்சம் இரண்டு. 4 பிளை மெர்சரைஸ்டு பருத்தி ஒரு பக்கம், ஃபிங்கரிங் எனப்படும் மெல்லிய கனத்தில் மெரினோ மறுபக்கம். மெரினோ 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் வரும். அதே தடிமனில் பருத்தி வாங்கினால் 340 மீட்டர் அளவில்தான் வரும், ஏனென்றால் பருத்தி இழையே கனம் அதிகம். இரண்டுக்கும் 4 மி.மீ. கொக்கி (குரோஷே ஊசி) போதும். லேபிளில் இதைவிடச் சிறிய அளவு போட்டிருக்கலாம். அது நெருக்கமான பின்னலுக்கான அளவு, லேஸுக்கு ஒன்றிரண்டு அளவு பெரிதாக எடுக்க வேண்டும்.

பருத்தியின் நல்ல குணங்களை மறைக்க வேண்டியதில்லை. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், வீட்டில் துவைக்கலாம். மெர்சரைஸ்டு நூலின் மினுமினுப்பு 19ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு. ஜான் மெர்சர் காஸ்டிக் சோடாவில் பருத்தியை நனைத்துப் பார்த்தது 1844இல். நூலை இழுத்துப் பிடித்தபடி அதைச் செய்தால் பளபளப்பு வரும் என்பது 1890களில் தெரிந்தது. அந்த வழுவழுப்பால் ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தெரியும். தப்பினால் சர்ரென்று பிரித்துவிடலாம். கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் நூல் நெகிழ்ந்து கொடுக்காததால் மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும். முடிச்சு வால்களை வலைப் பின்னலுக்குள் செருகினாலும் வழுக்கி வெளியே எட்டிப் பார்க்கும். சூப்பர்வாஷ் (இயந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்துவது) செய்யாத கம்பளியில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு நுனிகளையும் ஈரப்படுத்தி, உள்ளங்கைகளுக்கு நடுவே சூடு வரத் தேய்த்தால் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும்.

இனி பிளாக்கிங். கொக்கியிலிருந்து இறங்கிய லேஸ் சால்வை பார்க்கச் சகிக்காது. கசங்கி, ஓரம் சுருண்டு, ஓட்டைகள் எல்லாம் மூடிக் கிடக்கும். பின்னல் சரியாக இருந்தும் ‘எனக்கு வரவில்லை’ என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நனைத்து, இழுத்து, ஊசி குத்தி, காயவிட்ட பிறகே அது லேஸ்.

ஈரத் தலையில் பின்னல் போட்டுக் காயவிட்டு அவிழ்த்தால் கூந்தலில் அலை நிற்கிறது அல்லவா? அடுத்த முறை தலைக்குக் குளிக்கும் வரை அது போகாது. கம்பளியும் தலைமுடியும் கெரட்டின் என்ற ஒரே புரதம். தண்ணீர் உள்ளே போனதும் இழையின் பிணைப்புகள் தளரும். காயும்போது எந்த வடிவத்தில் பிடித்து வைத்தோமோ அந்த வடிவத்தில் மறுபடி இறுகும். அறுந்துபோகாமல் 25 முதல் 35 சதவீதம் வரை நீளும் இழை அது. பருத்தி 10 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. கம்பளியை நன்றாக இழுத்துக் குத்தலாம், நூலே விட்டுக்கொடுக்கும். பருத்தியில் நூல் கொடுக்காது, தையல்களின் தளர்வுதான் கொடுக்கும். பிளாக் செய்த அன்று அழகாகத்தான் இருக்கும். நாலு தடவை போர்த்தியதும் சொந்தக் கனத்திலேயே கீழ்நோக்கி இறங்கி, வட்டமாக இருந்த ஓட்டைகள் நீண்ட கீறல்களாகிவிடும்.

‘பழைய லேஸெல்லாம் பருத்திதானே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் பிழைப்புக்குப் பின்னிய ஐரிஷ் குரோஷே மெல்லிய பருத்தி நூலில்தான் வளர்ந்தது. ஆந்திராவின் நரசாபுரம் லேஸும் பருத்திதான். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க நூல் நிறுவனங்களின் கையேடுகள் பரப்பிய அன்னாசி டிசைனும் அப்படியே. ஆனால் அவற்றில் பெரும்பகுதி காலர், விளிம்பு, மேசை விரிப்பு. கஞ்சி போட்டு விறைப்பாக நிறுத்தப்பட்டவை. கஞ்சி போட்ட சேலை எப்படி நிற்கும் என்று நமக்குத் தெரியும். சால்வை நிற்கக் கூடாது, விழ வேண்டும். விக்டோரியா காலத்துக் குரோஷே சால்வைகளில் கம்பளி நூல் அதிகம் இருப்பது காரணமில்லாமல் இல்லை.

படித்து நம்புவதைவிட இரண்டு நூலிலும் 10 வரிசை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. கீழே உள்ளது முக்கோணச் சால்வை, தையல் பெயர்கள் அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் முறைப் புத்தகங்களில் ‘ட்ரெபிள்’ என்று இருப்பதுதான் இங்கே டபுள் குரோஷே. இதை மாற்றிப் புரிந்துகொண்டால் வலை வர வேண்டிய இடத்தில் கெட்டியான துணி வரும்.

4 சங்கிலி போட்டு வளையமாக இணைக்கவும். ‘வி’ என்றால் ஒரே இடத்தில் 1 டபுள் குரோஷே, 1 சங்கிலி, 1 டபுள் குரோஷே. முதல் வரிசை: 4 சங்கிலி, பிறகு வளையத்துக்குள் ஒரு வி, 3 சங்கிலி, ஒரு வி, 1 சங்கிலி, 1 டபுள் குரோஷே. திருப்பவும். அடுத்த வரிசைகள் எல்லாம் இப்படி: 4 சங்கிலி, ஓரத்து இடைவெளியில் ஒரு வி, 1 சங்கிலி. பிறகு இரண்டு விக்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு வி, 1 சங்கிலி. நடுவிலுள்ள 3 சங்கிலி இடைவெளியில் வி, 3 சங்கிலி, வி, அதன் பின் 1 சங்கிலி. மறுபக்கமும் அதே போல. கடைசி வியைத் திரும்பும் சங்கிலியின் (முந்தைய வரிசைத் தொடக்கத்தில் போட்ட 4 சங்கிலி) இடைவெளியில் போட்டு, 1 சங்கிலி விட்டு, அதே திரும்பும் சங்கிலியின் மூன்றாவது சங்கிலியில் 1 டபுள் குரோஷே. எத்தனையாவது வரிசையோ, நடுக்கோட்டின் ஒவ்வொரு பக்கமும் அத்தனை விக்கள் இருக்க வேண்டும். ஏழாவது வரிசையில் ஆறுதான் இருந்தால் ஓரத்து வியை விட்டிருப்பீர்கள். அது தொடர்ந்து விடுபட்டால் சால்வை தட்டையாக விரியாமல் கிண்ணம் போலக் குவியும். இன்னொரு வழக்கமான தவறு, விக்களுக்கு நடுவே குத்தாமல் வியின் வயிற்றுக்குள் குத்துவது.

முழுச் சால்வைக்குச் சுமார் 50 வரிசை. கழுத்தோர நீளம் முதுகு ஆழத்தைப் போல இரண்டு மடங்கு வரும். 200 கிராம் மெரினோ வாங்கினால் விளிம்புக்கும் சேர்த்துப் போதும். இரண்டு கண்டும் ஒரே சாய எண்ணாக (ஒன்றாகச் சாயமேற்றியவை என்று லேபிளில் குறிப்பது) இருக்கட்டும். நிறம் வெளிர், சூப்பர்வாஷ் வேண்டாம் (நனைந்தால் அளவில்லாமல் தொய்யும், பிடித்த வடிவம் அவ்வளவாக நிற்காது). மொஹேர் (அங்கோரா ஆட்டு முடியின் பஞ்சுபோன்ற நூல்) வேண்டவே வேண்டாம், பிரிக்க முடியாது.

பிளாக் செய்யும்போது வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தவும். ஃபோம் பாயில் முதலில் கழுத்தோரத்தை நேராகக் குத்தி, பிறகு நடு நுனியை இழுத்துக் குத்தி, கடைசியில் பக்கங்கள். துருப்பிடிக்காத ஊசிதான் வேண்டும், துருக்கறை போகாது. ஒரு முழு நாள் விசிறிக்கடியில் விடுங்கள். மழைக்காலத்தில் இன்னொரு நாளும் ஆகலாம். ஈரம் மிச்சமிருக்கும்போது எடுத்தால் பாதி உழைப்பு வீண்.

கம்பளி கேட்கும் பராமரிப்பு உண்மையாகவே அதிகம். ஒவ்வொரு முறை அலசினாலும் மறுபடி பிளாக் செய்ய வேண்டும். வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் சுருங்கிக் கெட்டியாகிவிடும், அதைத் திருப்ப வழியில்லை. சலவைத்தூளின் காரமும் ஆகாது. கொஞ்சம் ஷாம்பூ போதும். ஆனால் மேலே போர்த்தும் உடுப்பை வருடத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் அலச வேண்டி வராது. அந்துப்பூச்சிப் புழு கெரட்டினைத் தின்னும், வியர்வைக் கறை படிந்த இடத்தை முதலில். அதனால் அலசாமல் பெட்டிக்குள் வைக்காதீர்கள். பருத்தியை அது தொடாது, ஆனால் கஞ்சி போட்டு வைத்தால் ராமபாணப் பூச்சி வரும்.

பருத்தி ஜெயிக்கும் இடமும் உண்டு. சென்னையில் மே மாதம் வெறும் தோளில் போட, அல்லது கம்பளி பட்டால் தடிக்கும் உடம்புக்கு, அதுவே சரி. அப்போது பெரிய முக்கோணம் வேண்டாம். 35 வரிசையில் நிறுத்தி, கொக்கியை 3.5 மி.மீ.க்குக் குறையுங்கள். கனமும் குறையும், தொய்வும் குறையும். ஹேங்கரில் மட்டும் தொங்கவிடாமல் மடித்து வையுங்கள்.