சிலோசோவா, லெய் யூ முன்னா? இரு கடற்கோட்டைகள் குறித்த ஒப்பீடு

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலுள்ள சிலோசோ கோட்டையும் ஹாங்காங்கின் லெய் யூ முன் கோட்டையும் துறைமுக வாயில்களைக் காக்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் எழுப்பியவை. இரண்டும் இன்று கட்டணமில்லா அருங்காட்சியகங்கள். இரண்டுக்கும் நேர்ந்த சோதனையும் ஒன்றுதான்: கடல்வழி வரும் கப்பலுக்காகக் காத்திருந்த பீரங்கிகளை நோக்கி எதிரி நிலவழியாக வந்தான்.

பீரங்கிகளைப் பார்ப்பதே நோக்கமென்றால் சிலோசோவுக்குச் செல்வதே சரி. வாய்வழியாகக் குண்டு திணிக்கும் பழைய பீரங்கிகள் முதல் இரண்டாம் உலகப் போர்க்கால விரைவுப் பீரங்கி வரை இங்கே அருகருகே நிற்பதால், ஒரு தொழில்நுட்பம் எப்படி வளர்ந்தது என்பதை நடந்தபடியே புரிந்துகொள்ளலாம். சிங்கப்பூரின் பீரங்கிகளை நிலப்பக்கம் திருப்பவே முடியவில்லை என்று இன்றும் பலர் நம்புகிறார்கள், அது உண்மையன்று. ஜப்பானியர் படையெடுத்து வந்த 1942 பிப்ரவரியில் பல பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பிச் சுட்டன. ஆனால் பெரிய பீரங்கிகளுக்கு இருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளே என்பதால், பரவி முன்னேறும் காலாட்படைக்கு எதிராக அவற்றால் பெரும்பயன் விளையவில்லை. சரணடைதலைக் காட்டும் மெழுகுச் சிலைகளைவிட இந்தச் செய்தியே மனத்தில் நிற்க வேண்டியது என்பது என் கருத்து. 11 மாடி உயரத்தில் 181 மீட்டர் நீளும் நடைபாலம் வழியாகக் காலையிலேயே சென்றுவிட்டால் வெயிலுக்குத் தப்பலாம்.

ஆயினும், ஒன்றை மட்டுமே பார்க்க வாய்க்குமெனில் நான் லெய் யூ முன்னையே தேர்ந்தெடுப்பேன். 1887இல் கட்டப்பட்ட இதன் நடுக்கோட்டை, மண்ணுக்குள் புதைந்த அறைகளும் அகழியும் சேர்ந்து ஒரே இயந்திரமாக இயங்கியதை உணர்த்துகிறது. அதைவிட அரியது, நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தகர்க்கும் பிரென்னன் டார்பிடோ என்ற ஆயுதத்துக்காகக் கரைப் பாறையைக் குடைந்து அமைத்த நிலையம். டார்பிடோவுக்குள் இரண்டு உருளைகளில் கம்பி சுற்றியிருக்கும். கரையிலுள்ள நீராவி எந்திரம் அக்கம்பிகளைப் பின்னோக்கி இழுக்க, உருளைகள் சுழன்று விசிறிகளை இயக்கி டார்பிடோவை முன்னோக்கிச் செலுத்தும். ஒரு கம்பியைச் சற்று வேகமாக இழுத்தால் அதன் திசை மாறும். பின்னால் இழுக்க முன்னால் பாயும் இந்த நுட்பத்தை அது இயங்கிய இடத்திலேயே நின்று அறிவதற்கு உலகில் வெகுசில இடங்களே உண்டு.

2018இன் மாங்குட் புயலில் சேதமடைந்து மூடப்பட்ட இந்த அருங்காட்சியகம் 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. கடற்காப்பு அருங்காட்சியகம் என்றிருந்த இதன் பெயரில் 2024இல் ஜப்பானிய எதிர்ப்புப் போரும் சேர்க்கப்பட்டது. பொதுவாக வியாழக்கிழமைகளில் விடுமுறை. ஷாவ் கெய் வான் ரயில் நிலையத்திலிருந்து கால்மணி நேரம் நடந்தால் போதும். மேலே நடுக்கோட்டையை முடித்துவிட்டுக் கரைக்கு இறங்குங்கள். நிலவழியாக வந்த ஜப்பானியர் பிடித்திருந்த எதிர்க்கரையின் டெவில்ஸ் பீக் குன்று எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் கண்டதும், 1941 டிசம்பர் 18 இரவில் அவர்கள் ஹாங்காங் தீவில் இறங்கியபின் மறுநாளே இக்கோட்டை வீழ்ந்தது ஏன் என்பது விளங்கும்.