கிராமர் ஸ்கூலா, பக்கத்து ஸ்கூலா, ப்ரைவேட்டா: டார்ட்ஃபோர்ட்ல உக்காந்து போட்ட கணக்கு

எங்க பெரியவ இப்போ இயர் 8, பரீட்சை வெச்சு பிள்ளைங்களை எடுக்கற கிராமர்ங்கற அரசு ஸ்கூல். சின்னவன் இயர் 5. இங்கிலாந்துல எங்க டார்ட்ஃபோர்ட் இருக்கற கென்ட்ல இயர் 5 பிள்ளை இருக்கற வீட்டுல ஜூன் மாசம் வந்துட்டா வேற பேச்சே கிடையாது, கிராமருக்கான கென்ட் டெஸ்ட்டுக்கு ரெஜிஸ்டர் பண்ணியாச்சா, எங்க ட்யூஷன் போறான், மாக் டெஸ்ட்ல எவ்ளோ வந்துச்சு. ஊர்ல இருந்து வந்திருந்த மாமியார் நாலு நாள் இதையெல்லாம் கேட்டுட்டு, "ஏம்மா, அஞ்சாங்கிளாஸ் பையனுக்கு என்ட்ரன்ஸா? உங்க காலத்துலயே ப்ளஸ் டூ முடிச்சப்புறம்தானே வெச்சாங்க"ன்னாங்க. சரிதான், நான் 1999ல டிஎன்பிசிஇஇ எழுதறப்ப எனக்கு 17 வயசு, அதையும் அப்புறம் சட்டம் போட்டு எடுத்துட்டாங்க. இங்க 10 வயசு, செப்டம்பர்ல பரீட்சை. ஆகஸ்ட் கடைசில பொறந்த பிள்ளைன்னா பத்து முடிஞ்சு ரெண்டு வாரம்கூட ஆகியிருக்காது. வயசுக்கு ஏத்தாப்ல மார்க்கை சரிபண்ணித்தான் குடுக்கறாங்க, அது ஒரு ஆறுதல்.

வாட்ஸப் க்ரூப்ல தினமும் ஓடற கேள்வி "கிராமர் பெட்டரா, காம்ப்ரிஹென்சிவ் பெட்டரா". (காம்ப்ரிஹென்சிவ்னா பரீட்சை இல்லாம எல்லாரையும் எடுக்கற ஸ்கூல்.) இதுக்கு மொத்த இங்கிலாந்துக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்றவங்களை நம்பாதீங்க. 1944 கல்விச் சட்டத்துக்கப்புறம் நாடு பூரா இருந்த லெவன் ப்ளஸ்ங்கற இந்த என்ட்ரன்ஸை, 1965க்கு மேல ஒவ்வொரு ஊரா கைவிட்டு இப்போ 163 கிராமர் ஸ்கூல்தான் மிச்சம், 1998ல வந்த சட்டப்படி புதுசா ஆரம்பிக்கவும் முடியாது. அந்த 163ம் சமமா பரவிக் கிடக்கல. வட லண்டன்ல பார்நெட் பக்கம் க்வீன் எலிசபெத் பாய்ஸ் மாதிரி ஒரு ஸ்கூலுக்கு 200க்கும் கம்மியான சீட்டுக்கு 3000க்கு மேல பசங்க எங்கெங்கிருந்தோ வந்து எழுதறாங்க, ஆனா அங்க உள்ளூர் காம்ப்ரிஹென்சிவ்ல இருந்து அது உறிஞ்சற பிள்ளைங்க ரொம்ப கொஞ்சம்தான், அதனால அங்க கிடைக்கலன்னாலும் பக்கத்து ஸ்கூல்ல எல்லா லெவல் பசங்களும் இருப்பாங்க, குடி முழுகிப் போகாது. கென்ட், பக்கிங்ஹாம்ஷயர், லிங்கன்ஷயர்ல கதை வேற. கென்ட்ல கிட்டத்தட்ட கால்வாசி பிள்ளைங்க கிராமருக்கு தகுதின்னு பிரிச்சிடறாங்க. மிச்ச ஸ்கூலை பேருக்கு காம்ப்ரிஹென்சிவ்னு சொன்னாலும், மேல இருக்கற கால்வாசி போன பிறகு அது அந்தக் காலத்துல கிராமர் கிடைக்காதவங்களுக்குன்னு இருந்த செகண்டரி மாடர்ன்தான். இதை யாரும் ஸ்கூலை சுத்திக் காட்டற ஓப்பன் ஈவ்னிங்ல சொல்ல மாட்டாங்க.

ஸோ எங்க ஊர்ல "பரீட்சையே வேணாம், நான் ஒதுங்கிக்கறேன்"னு சொல்றது கூட ஒரு சாய்ஸ்தான், அதுக்கும் விலை இருக்கு. பார்நெட்ல இருக்கற என் ஃப்ரெண்ட் ஈஸியா சொல்லிட்டா, என்னால முடியல.

இப்போ பரீட்சை. கென்ட் டெஸ்ட்ல ரெண்டு பேப்பர், இங்கிலீஷும் மேத்ஸும் ஒண்ணு, ரீசனிங் ஒண்ணு, எல்லாமே மல்டிபிள் சாய்ஸ். கூட ஒரு ரைட்டிங் இருக்கு, அதுக்கு மார்க் கிடையாது, பார்டர்ல நிக்கற பிள்ளைக்கு மட்டும் ஹெட் டீச்சர்ங்க பேனல்ல எடுத்துப் பார்ப்பாங்க. பெரியவளுக்கு இது விளையாட்டு மாதிரி. ரெண்டு வார்த்தை பக்கத்துல பக்கத்துல நிக்கும், முதல் வார்த்தையோட வாலும் அடுத்ததோட தலையும் சேர்ந்து நாலெழுத்து வார்த்தை ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், கண்டுபிடிக்கணும், அவ பஸ் ஸ்டாப் போர்டுல எல்லாம் அதைத் தேடிக்கிட்டு வருவா. நாங்க ட்யூட்டர் வெச்சது எட்டே மாசம், அதுவும் பயத்துல வெச்சது, அவ இல்லாமலேயே போயிருப்பான்னு இப்போ தோணுது.

சின்னவன் அப்படி இல்ல. போன மாசம் ஒரு மாக் டெஸ்ட் கூட்டிட்டுப் போனேன், 35 பவுண்ட். ஆன்ஸர் ஷீட் தனியா இருக்கும், சின்ன சின்ன கட்டத்துல கோடு இழுக்கணும். இவன் 17வது கேள்வில ஒரு படத்தை நாலு நிமிஷம் பார்த்துக்கிட்டே இருந்திருக்கான், அப்புறம் அதை விட்டுட்டு 18க்கு போயிருக்கான், ஆனா 18க்கான கோட்டை 17 கட்டத்துல இழுத்துட்டான், அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் எல்லாம் ஒரு கட்டம் தள்ளி. வெளிய வந்து கேட்டா, "அம்மா, அந்த க்யூப் மடிக்கற கேள்வில மூணாவது மட்டும் ஆன்ஸர் இல்ல, நாலாவதும் ஒரு விதத்துல வரும்"னு பேப்பரை மடிச்சுக் காட்டறான். நிஜமாவே வந்துச்சு. அதுக்கு மார்க் கிடையாது.

இவன் மக்குன்னு யாராவது சொன்னா எனக்கு சிரிப்பு வரும், அப்பாவோட சைக்கிள் கியரை கழட்டி திருப்பி மாட்டின பையன். ஆனா 20 நிமிஷத்துல வேகவேகமா போட வேண்டிய இடத்துல அவன் நிப்பான், நின்னு யோசிப்பான். அதை ட்ரில் பண்ணி மாத்திடலாம்னு ட்யூஷன் சென்டர்ல அடிச்சு சொல்றாங்க. மாத்தலாம்தான் போல. எனக்குத்தான் மனசு வரல.

கிராமரோட ப்ளஸ் என்ன மைனஸ் என்னன்னு பெரியவளை வெச்சு சொல்றேன். புக்கு படிக்கற பிள்ளைங்க கூட்டமா இருக்காங்க, அவளுக்கு அது சொர்க்கம், வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. ஆனா ப்ரைமரில எப்பவும் முதல்ல நின்னவ இங்க நடுவுல நிக்கறா, முதல் டெர்ம் பூரா ராத்திரி அழுகை, "நான் ஸ்மார்ட் இல்லையாம்மா"ன்னு. கிறிஸ்மஸுக்கு அப்புறம் சரியாயிடுச்சு. இன்னொண்ணு, 16 வயசுல எழுதற ஜிசிஎஸ்ஈ பொதுப்பரீட்சை ரிசல்ட்டை பார்த்து மயங்காதீங்க. கெட்டிக்கார பிள்ளைங்களையே பொறுக்கி எடுத்தா ரிசல்ட் நல்லாத்தான் இருக்கும், உள்ள வர்ற பிள்ளைங்க யாருன்னு கணக்குல எடுத்துட்டா பெரிய வித்தியாசம் இல்லன்னு 2018ல டர்ஹாம் யுனிவர்சிட்டி ஆய்வு சொல்லிடுச்சு.

ப்ரைவேட் பத்தி ரொம்ப பேச வேண்டாம், எங்க கைக்கு எட்டல. டே ஸ்கூலுக்கே வருஷத்துக்கு சுமார் 18000 பவுண்ட், அதுமேல 2025 ஜனவரில இருந்து 20 பர்சன்ட் வாட். ஸ்காலர்ஷிப்னு பெருசா போட்டிருப்பாங்க, விசாரிச்சா பல இடத்துல ஃபீஸ்ல அஞ்சு பத்து பர்சன்ட்தான் கழியும். பர்சரின்னா வருமானத்தைப் பார்ப்பாங்க, ரெண்டு பேரும் ஐடில இருந்தா கதவு சாத்தியாச்சு. ரெண்டு பிள்ளைன்னா வீட்டை வித்துதான் படிக்க வைக்கணும், வித்தப்புறம் எங்க உக்காந்து ஹோம்வொர்க் பண்றது.

யாரும் அதிகமா பேசாத நாலாவது வழி ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சில அரசு ஸ்கூல்ல 10 பர்சன்ட் வரைக்கும் சீட்டை மியூசிக், ஸ்போர்ட்ஸ் மாதிரி ஒரு திறமைக்குன்னு ஒதுக்கலாம். வாட்ஃபோர்ட் பக்கம் சில ஸ்கூல்ல மியூசிக் சீட் இருக்கு, முதல் ரவுண்ட் வெறும் காதுக்கு டெஸ்ட், ரெண்டு ஸ்வரத்துல எது மேல எது கீழ, தாளம் மாறிச்சா இல்லையான்னு. அங்க இருக்கற எங்க ஃப்ரெண்ட் பொண்ணு, ஆறு வருஷமா சரளி வரிசை ஜண்டை வரிசைன்னு பாடி சலிச்சவ, சிரிச்சுக்கிட்டே எழுதிட்டு வந்தா. அவ மேத்ஸ்ல சுமார்தான். கியர் கழட்டற பசங்களுக்கு இப்படி ஒரு சீட் எங்க பக்கத்துல நான் பார்க்கல, இருந்தா நான் இவ்ளோ தூரம் எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

பக்கத்து ஸ்கூலுக்கு வருவோம். ஓப்பன் ஈவ்னிங்ல ஹெட் டீச்சர் பேச்சை விட்டுட்டு இவன் டிடி (டிசைன் அண்ட் டெக்னாலஜி) ரூமுக்குள்ள போயிட்டான், லேசர் கட்டர் முன்னாடி நின்னு அங்க இருந்த டெக்னீஷியனை கேள்வியா கேட்டு துளைச்சான், அவரும் சலிக்காம ஒரு ப்ளைவுட் துண்டுல அவன் பேரை வெட்டிக் குடுத்தார். கிராமர் ஓப்பன் ஈவ்னிங்ல இவன் கேட்ட ஒரே கேள்வி "எப்போ வீட்டுக்குப் போலாம்". குறையும் இருக்கு: டீச்சர்ங்க அடிக்கடி மாறறாங்கன்னு அங்க படிக்கற பிள்ளைங்களோட அம்மாங்க சொல்றாங்க, நல்லா படிக்கறவங்களை ஒண்ணா வைக்கற மேல் செட்ல பிள்ளைங்க கம்மி, நான் மேல சொன்ன கால்வாசி கணக்கோட நேரடி விளைவு அது. ஆனா 16ல ஏ லெவலுக்கு (நம்ம ப்ளஸ் டூ மாதிரி) கிராமர் சிக்ஸ்த் ஃபார்ம்ல வெளி பசங்களையும் ஜிசிஎஸ்ஈ கிரேடு பார்த்து எடுக்கறாங்க, பத்து வயசோட எல்லாம் முடிஞ்சதுன்னு பேசறவங்க இதை சொல்றதே இல்ல.

ஃபார்ம் விஷயத்துல நிறைய பேர் குழம்பறாங்க. கென்ட் டெஸ்ட் ரிசல்ட் அக்டோபர் நடுவுல வந்துடும், ஸ்கூல் லிஸ்ட் குடுக்க அக்டோபர் 31 வரைக்கும் டைம், ஸோ மார்க் தெரிஞ்சுதான் எழுதறோம். கிராமரை முதல்ல போட்டா பக்கத்து ஸ்கூல் கோவிச்சுக்கும்னு ஒரு வதந்தி சுத்துது, சுத்தப் பொய், நீங்க எந்த நம்பர்ல போட்டீங்கன்னு வெச்சு ஸ்கூல் முடிவு பண்ணக் கூடாது. அதே நேரம் பாஸ் ஆனாலே சீட் வந்துடும்னும் இருக்காதீங்க, தகுதி வேற, சீட் வேற.

கடைசில என்ன பண்ணோம்னா, ரெஜிஸ்டர் பண்ணிட்டேன். காசு கிடையாது, அவன் ஸ்கூல்லயே நடக்குது, கூட படிக்கற பசங்க எழுதறப்ப இவனை மட்டும் தனியா உக்கார வைக்க இஷ்டமில்ல. ட்யூட்டர் இல்ல. தினமும் 20 நிமிஷம், அதுல பாதி ஆன்ஸர் ஷீட்ல கட்டம் மாறாம கோடு இழுக்கறது. வீட்டுக்காரருக்கு இதுல முழு சம்மதம் இல்ல, "அக்காவுக்கு செஞ்சோம், இவனுக்கு செய்யலன்னு நாளைக்கு அவனே கேப்பான்"ங்கறார், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. லிஸ்ட்ல இப்போதைக்கு லேசர் கட்டர் ஸ்கூல்தான் முதல் இடம். அங்க வீட்டு தூரம் பார்த்துதான் சீட், அது எங்க வீட்டுல இருந்து 1.4 மைல், போன வருஷம் அங்க கடைசியா சீட் கிடைச்ச பிள்ளையோட வீடு 1.6 மைல். இந்த வருஷம் அது எங்க வந்து நிக்கும்னு மார்ச் 1 வாக்குலதான் தெரியும்.