ஊசியா, மெஷினா, கணக்கா? ஈரல் தழும்பை அளக்கும் மூன்று வழிகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எழுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்துப் பட்டதாரிகள் பலர் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனார்களே, அந்த அலையில் எத்தியோப்பியா போனவர். தானா ஏரிப் பக்கம் பள்ளிக்கூடம், பின்னேரங்களில் ஏரியில் நீச்சல். அங்கேயே ஒருமுறை பில்ஹார்சியா, அதாவது ஏரி, ஆற்று நீரில் இறங்குபவர்களைப் பிடிக்கும் புழு நோய், என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதை அவர் மறந்தே போனார். இப்போது 74 வயதில், கண் சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தத்தில் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரியவந்தது.

"தம்பி, நீ லாப்பில இருந்தவன்தானே. ஈரல் எவ்வளவு பழுதெண்டு பார்க்க மூண்டு வழி சொல்லுகினம். எது நல்லது?" என்று ஒருநாள் படியில் மறித்துக் கேட்டார்.

நான் வைத்தியன் இல்லை. ஈரல் துண்டுகளை மெழுகில் பதித்து, வெட்டி, சாயமேற்றிக் கொடுத்தே காலம் போனவன். ஊசியால் அந்தத் துண்டை எடுத்துப் பார்க்கும் வழியின் பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

கணக்கிலிருந்து தொடங்கலாம், மலிவானது அதுதான். ஏப்ரி என்பார்கள். ஈரல் பழுதானால் இரத்தத்தில் ஏறும் ஏ.எஸ்.டி. நொதியின் அளவை அதன் இயல்பான உச்ச வரம்பால் வகுத்து, பிளேட்லெட் எண்ணிக்கையால் (ஆயிரக் கணக்கில்) மறுபடி வகுத்து, நூறால் பெருக்கினால் முடிந்தது. ஏ.எஸ்.டி. 60, வரம்பு 40, பிளேட்லெட் 150 ஆயிரம் என்றால் விடை 1. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டலில் ஹெபடைடிஸ் பி உள்ள பெரியவர்களுக்கு 0.5 தாண்டினால் கவனிக்கவேண்டிய தழும்பு, 1 தாண்டினால் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி முடிச்சு முடிச்சாகிவிட்ட நிலை, என்று கொள்ளலாம். ஃபிப்-4 என்ற இன்னொன்று வயதையும் ஏ.எல்.டி. என்ற வேறொரு ஈரல் நொதியையும் சேர்த்துக்கொள்ளும். வயது பெருக்கலில் வருவதால் கிழவர்கள் எல்லோருக்கும் விடை கொஞ்சம் ஊதித்தான் வரும்.

கொழும்பில் இந்தக் கணக்குக்கு ஒரு தனி வில்லங்கம் இருக்கிறது: டெங்கு. டெங்கு ஏ.எஸ்.டி.யை ஏற்றும், பிளேட்லெட்டை இறக்கும். மேலே ஏற வேண்டியது ஏறி, கீழே இறங்க வேண்டியது இறங்கினால் ஏப்ரி எங்கே போகும்? ஏ.எஸ்.டி. 120, பிளேட்லெட் 60 ஆயிரம் என்றால் 5. நல்ல ஈரலோடு இருக்கிற பிள்ளைக்கும் சிரோசிஸ் பட்டம் கிடைத்துவிடும். மழைக்காலத்துக் காய்ச்சலுக்கு எடுத்த றிப்போட்டை வைத்துக்கொண்டு யாரும் இந்தக் கணக்கைப் போடவேண்டாம்.

அடுத்தது மெஷின். ஃபைப்ரோஸ்கான் என்ற பிரெஞ்சுக் கருவி. விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு முனையை வைத்து மெல்லத் தட்டும். அந்த அதிர்வு அலை எவ்வளவு வேகமாக ஈரலுக்குள் ஓடுகிறது என்பதை அல்ட்ராசவுண்டால் அளந்து, விறைப்பைக் கிலோபாஸ்கலில் சொல்லும். விறைப்புக் கூடினால் அலை வேகமாக ஓடும். வலியில்லை, பத்து நிமிடத்தில் எழுந்து வரலாம். ஊசி எடுக்கும் துண்டைவிட நூறு மடங்கு பெரிய இடத்தை அளக்கிறது. ஹெபடைடிஸ் பிக்கு 7க்கு மேல் கவனிப்பு, 12.5க்கு மேல் சிரோசிஸ். சாப்பிட்டுவிட்டுப் போனால் ஈரலுக்கு இரத்தம் கூடி எண் ஏறும் என்பதால் இரண்டு மூன்று மணித்தியாலமாவது வெறும் வயிறு வேண்டும். மாஸ்டருக்கு இதை யாரும் சொல்லவில்லை. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுப் போய், திருப்பி அனுப்பப்பட்டு, ஓட்டோக் காசைத் திட்டிக்கொண்டு வந்தார். வெறும் வயிறானாலும் மஞ்சள் காமாலை, நொதிகள் உச்சத்தில் இருக்கும் நேரம், இருதயம் பலவீனப்பட்டு ஈரலில் இரத்தம் தேங்கியிருக்கும் நிலை இவற்றிலெல்லாம் தழும்பே இல்லாமலும் எண் ஏறலாம்.

சரி, ஊசி. பயோப்சியில் வருவது சேமியாத் துண்டு மாதிரி ஒன்று. முழு ஈரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. நீளம் இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அதை நுண்ணோக்கியில் வாசிப்பவருக்கு எரிச்சல் வரும். ஒரு பக்கம் தழும்பு, மறுபக்கம் இல்லை என்றால் ஊசி எந்தப் பக்கம் போனதோ அதுதான் விடை. இரத்தக் கசிவு ஆபத்துச் சிறியது, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. குத்திய பின் சில மணித்தியாலம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் இருந்தும் ஊசியை நான் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை என்றால், மற்ற இரண்டும் எண்ணைத் தரும், ஸ்லைட் காரணத்தைக் காட்டும். ஹெபடைடிஸ் பி என்றால் கலங்களுக்குள்ளே தேய்த்த கண்ணாடி போல ஒரு மங்கல். ஓர்சீன் சாயம் போட்டால் அது பழுப்பாக எழும்பும். ஹெபடைடிஸ் சி என்றால் நிணநீர்க் கலங்கள் திரண்டு உருண்டையாக நிற்கும், கொழுப்பும் சேர்ந்திருக்கலாம். ட்ரைக்ரோம் என்ற சாயம் போட்டால் தழும்பு நீலமாக ஓடும். அந்த நீலம் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பதில்தான் வைரசும் புழுவும் பிரிகின்றன.

வைரஸ் ஈரல் கலங்களையே தாக்குகிறது. குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் வாயினாளத்தின் கிளைகளின் ஓரத்தில் அரிப்புத் தொடங்கி, தழும்பு ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போடும். கடைசியில் ஈரலின் அமைப்பே உடைந்து முடிச்சு முடிச்சாகும். பில்ஹார்சியாவின் வழி வேறு. புழுக்கள் குடலைச் சுற்றிய நாளங்களில் குடியிருக்கும். அவை இடும் முட்டைகளில் ஒரு பகுதி இரத்தத்தோடு ஈரலுக்கு வந்து வாயினாளத்தின் சின்னக் கிளைகளில் சிக்கும். உடல் அவற்றைச் சுற்றி மதில் கட்டும். பல வருடத்தில் கிளைகளைச் சுற்றித் தடித்த வெள்ளைத் தழும்பு வளரும். 1904இல் கெய்ரோவில் சிமர்ஸ் என்ற நோயியலாளர், ஈரலை வெட்டினால் களிமண் புகைக் குழாய்களைச் செருகி வைத்தது போலிருக்கிறது என்று எழுதினார். அந்தக் குழாய்களுக்கு நடுவே ஈரல் கலங்கள் பெரும்பாலும் சுகமாகவே இருக்கும். ஆகவே ஈரல் வேலை செய்துகொண்டே இருக்கும். இரத்தம் மட்டும் வாசலில் தடைப்பட்டு, மண்ணீரல் வீங்கும், உணவுக் குழாயில் நாளங்கள் புடைக்கும்.

இந்தப் புழு மூன்று வழிகளையும் மூன்று விதமாக ஏமாற்றும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கணக்கு உள்ளதைவிடப் பயங்கரமாகச் சொல்லும். கலங்கள் மென்மையாகவே இருப்பதால் மெஷின், நாளங்கள் வெடிக்கும் நிலையிலிருந்தாலும் பெரிதாகக் கத்தாது. ஊசியோ இரண்டு குழாய்களுக்கு நடுவே நல்ல இடத்தில் நுழைந்து நல்ல துண்டோடு திரும்பலாம்.

(இங்கே பலரும் குழப்பிக்கொள்வது அமீபாக் கட்டியை. யாழ்ப்பாணத்தில் கள்ளுக் குடிக்கும் ஆண்களிடம் அதிகம் காண்பது. அது ஒரு இடத்தில் சீழ் கட்டி, மருந்தில் ஆறிப்போவது. ஸ்கானில் அந்த இடம் மாதக்கணக்கில் தெரியலாம், ஆனால் ஈரல் முழுக்கத் தழும்பு போடாது. ஹெபடைடிஸ் பி கணக்கில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை.)

மாஸ்டரின் எண்கள் வந்தன. ஏ.எஸ்.டி. 38, பிளேட்லெட் 85 ஆயிரம். அவரே தாளில் போட்டுப் பார்த்து "1.12, சிரோசிஸ்" என்றார். மெஷின் 7.9. கணக்குக்கும் மெஷினுக்கும் சண்டை. இந்தச் சண்டையைத் தீர்த்தது, நாங்கள் போட்டியிலேயே சேர்க்காத சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கான். வாயினாளக் கிளைகளைச் சுற்றித் தடித்த வெள்ளைப் பட்டைகள், 17 சென்ரிமீற்றருக்கு வீங்கிய மண்ணீரல். ஸ்கான் செய்த வைத்தியர் அந்தப் பட்டைகளைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஐயா ஆபிரிக்காவில் இருந்தீர்களா?"

புழு இல்லாத சாதாரண ஹெபடைடிஸ் பிக்காரருக்கு என் யோசனை: கணக்கும் மெஷினும் ஒத்துப்போனால் அதோடு விடுங்கள், ஊசி வேண்டாம். ஆபிரிக்கா, யேமன், எகிப்துப் பக்கம் ஏரியிலோ ஆற்றிலோ வாய்க்காலிலோ இறங்கியவர் என்றால் அதை முதல் நாளே வைத்தியரிடம் சொல்லி, ஸ்கானையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு நோயில் எது எவ்வளவு என்று பிரித்தே ஆகவேண்டும் என்றால் மட்டும் ஊசி.

மாஸ்டருக்குப் பிரிக்க வேண்டி வரவில்லை. எண்டோஸ்கோபியில் புடைத்த நாளங்கள் தெரிந்தன, அதற்கு ஒரு மாத்திரை. வைரசுக்கு டெனோஃபோவிர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான். "அப்ப ஊசி இல்லையோ?" என்று சந்தோசமாகக் கேட்டார். இல்லை என்றேன். எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். பக்கவாட்டில் முள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பில்ஹார்சியா முட்டையை இத்தனை வருட வேலையில் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.