திரை மாட்டிய பிறகு: ஆசிரியர் பயிற்சியின் மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

எங்கள் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு மாட்டிய மறுநாளே அதற்கு உறை தைத்தாகிவிட்டது. சத்துணவு அமைப்பாளர் அக்கா தன் வீட்டுத் தையல் மெஷினில் தைத்துக் கொண்டுவந்தார். பூப்போட்ட துணி. தூசி படக்கூடாது என்றுதான் தைத்தோம். உறையைக் கழற்றுவதும் மாட்டுவதும் ஒரு வேலையாகிப்போய், மூன்றாவது வாரத்தில் அது கழற்றப்படாமலே கிடந்தது. பாடம் பழையபடி கரும்பலகையில் நடந்தது.

திரையில் பழுது எதுவும் இல்லை. மின்சாரமும் இருந்தது. ஒருநாள் கணக்குப் பாடத்தின் நடுவே "நோ சிக்னல்" என்று வந்தது, அவ்வளவுதான். யாரோ சுத்தம் செய்யும்போது கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகியிருக்கிறார்கள். ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை இரண்டு முறை அழுத்தியிருந்தால் தீர்ந்திருக்கும். அது தெரியாமல் முப்பது பிள்ளைகள் முன்னால் விழித்துக்கொண்டு நின்ற ஆசிரியை நான்தான். மறுநாள் அந்தத் திரைப் பக்கமே போகவில்லை.

இத்தனைக்கும் ஒருநாள் பயிற்சிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள் நான். அதனால்தான் இந்த அலசல். தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் (டேப்லெட்) என்று அரசு அறிவித்தது. அதற்கும் முன்பே 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. எந்தக் கருவி சிறந்தது என்று பேச எல்லோரும் இருக்கிறார்கள். அதைக் கையாள ஆசிரியருக்கு எப்படிச் சொல்லித்தருவது என்பதில் எந்த வழி சிறந்தது என்ற பேச்சுதான் காதில் விழுவதில்லை.

பொருளைப் பற்றி நாலு வார்த்தை

கருவிகளை முதலில் முடித்துவிடுவோம். புரொஜெக்டரில் நல்லது என்னவென்றால், வேலை முடிந்ததும் கழற்றி பீரோவில் பூட்டிவிடலாம். கெட்டது, வெளிச்சம். ஜன்னலைச் சாத்தினால்தான் படம் தெரியும். சித்திரை மாதத்தில் ஜன்னலைச் சாத்தினால் பிள்ளைகள் தூங்கிவிடும். சாதாரண விளக்கு வைத்த புரொஜெக்டர் என்றால் மூவாயிரம் முதல் ஐயாயிரம் மணி நேரத்தில் விளக்கையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தலைமையாசிரியர் தலையைச் சொறிவார்.

தொடுதிரைக்கு வெளிச்சம் பிரச்சினையில்லை, எழுதுபவரின் நிழலும் விழாது. பெரும்பாலான தொடுதிரைகளில் சட்டத்தைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர் ஓடும். விரல் அதைத் தடுக்கும் இடத்தைத் தொடுதல் என்று திரை புரிந்துகொள்கிறது. அந்தச் சட்டத்தில் சாக்பீஸ் தூள் படிந்தால், யாரும் தொடாமலே தொட்டதாக எண்ணிக்கொண்டு கோடு கோடாக இழுக்கும். பேய் பிடித்துவிட்டது என்று பிள்ளைகள் சொல்லும். உலர்ந்த துணியால் சட்டத்தின் உள்விளிம்பைத் துடைத்தால் பெரும்பாலும் பேய் போய்விடும். நான் போன பயிற்சியில் இதை யாரும் சொல்லவில்லை.

கைக்கணினி ஆசிரியரின் சொந்தக் கருவி. சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து மதிப்பிட அது கைகொடுக்கிறது. வகுப்பு முழுவதற்கும் காட்ட உதவாது. வாங்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால், வெளிச்சமான வகுப்பறைக்குத் தொடுதிரை, பணம் போதாவிட்டால் பென் டிரைவ் போடக்கூடிய பெரிய டிவி என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். முக்கால்வாசிப் பாடத்துக்கு டிவியே போதும்.

முதல் வழி: வட்டார வள மையம்

நமக்கெல்லாம் பழகிய வழி இது. மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டத்தில் கருத்தாளர்களுக்கு, அதாவது பயிற்சி நடத்துபவர்களுக்கு, சொல்வார்கள். கருத்தாளர்கள் வட்டார வள மையம் என்ற வட்டார அளவிலான பயிற்சி இடத்தில் நமக்குச் சொல்வார்கள். ஒரே மாதத்தில் மாநிலம் முழுவதும் எட்டிவிடலாம் என்பது இதன் பெரிய பலம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எண்ணும் எழுத்தும் 2022 ஜூனில் தொடங்கியபோது அத்தனை ஆயிரம் ஆசிரியர்களுக்கும் புதிய முறையை இப்படித்தான் கொண்டுசேர்த்தார்கள். வேறு எப்படிச் செய்திருக்க முடியும்? பாட்டு, ஆடல், பாடப்பொருள் என்று உட்கார்ந்து செய்து பார்க்கும் விஷயங்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. அப்புறம், நாற்பது ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடினால் தேநீர் இடைவேளையில் நடக்கும் பேச்சே ஒரு பயிற்சிதான்.

கருவி விஷயத்தில்தான் இது தடுமாறுகிறது. மேலே சொன்னது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தி, கடைசிப் படிக்கு வரும்போது பவர்பாயின்ட் மட்டும் மிஞ்சுகிறது. நான் போன அன்று ஹாலில் இருந்தது ஒரே ஒரு திரை. அதுவும் எங்கள் பள்ளிக்கு வந்த மாடல் இல்லை. கருத்தாளர் தொட்டுக் காட்டினார், நாங்கள் நாற்காலியில் இருந்து பார்த்தோம். மிதிவண்டி ஓட்டுவதை நாற்காலியில் இருந்து பார்த்த மாதிரி.

யாரும் கணக்கில் எடுக்காத செலவு ஒன்றும் இருக்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் கட்டி மேய்க்க வேண்டும். நாற்பது பேரை ஒருநாள் கூப்பிட்டால் நாற்பது வகுப்பு நாட்கள் போச்சு. பயிற்சிக்குச் செலவான தொகை என்று காகிதத்தில் வருவது சாப்பாடும் பயணப்படியும்தான். அந்த நாற்பது நாட்கள் எதிலும் வராது.

இரண்டாம் வழி: இணையவழிப் பயிற்சி

திக்‌ஷா என்ற மத்திய அரசின் இணையக் கல்வித் தளம் 2017இல் வந்தது. 2018இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சானபோது நமக்கெல்லாம் அது நெருக்கமானது. நிஷ்தா என்ற மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சி 2019இல் நேரடியாகத் தொடங்கி, கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், இணையத்துக்கு மாறியது. வீடியோ பார்த்து, வினாக்களுக்கு விடையளித்து, 70 விழுக்காடு எடுத்தால் சான்றிதழ். ஆசிரியர் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பது வேறு கதை. மணி நேரத்தை எண்ணத் தொடங்கினால் இணையம்தான் எண்ணுவதற்கு வசதி.

இதில் வகுப்பு நாள் வீணாவதில்லை. புரியாத இடத்தைத் திரும்பப் பார்க்கலாம். சிந்தாமல் சிதறாமல் எல்லோருக்கும் ஒரே பாடம் போய்ச் சேருகிறது. செயலியில் ஒரு பொத்தான் இடம் மாறியிருக்கிறது, புதிய பதிவேடு வந்திருக்கிறது என்பது போன்ற சின்ன அப்டேட்டுகளுக்குப் பத்து நிமிட வீடியோவை மிஞ்சியது எதுவுமில்லை. அதற்காக ஒருநாள் பயிற்சி வைப்பது கொசுவை அடிக்கக் கோடரி எடுப்பது போல.

ஆனால் ராத்திரி எட்டு மணிக்குக் குக்கர் விசில் எண்ணிக்கொண்டே ஓடவிடும் வீடியோ கைக்கு வருமா? வினாவுக்கான விடைகள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவது எல்லோருக்கும் தெரியும். சான்றிதழ் வருகிறது, பழக்கம் வருவதில்லை. திரை இருட்டானதும் வீடியோவிடம் கேள்வி கேட்கவும் முடியாது.

மூன்றாம் வழி: பள்ளிக்கே ஆள் வருவது

ஒருவர் நம் வகுப்பறைக்கே வருகிறார். நம் கருவியில், நம் பிள்ளைகள் இருக்கும்போது, நாம் செய்வதைப் பார்த்துத் திருத்துகிறார். அடுத்த மாதம் மறுபடியும் வருகிறார்.

இதையும் வள மைய வழியையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த நல்ல ஆய்வு தென்னாப்பிரிக்காவில் நடந்தது. நார்த் வெஸ்ட் மாகாணத்தில் செட்ஸ்வானா மொழி வாசிப்பைக் கற்பிக்க ஒரே பாடத்திட்டமும் ஒரே கற்றல் பொருட்களும் இரு குழுப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு ஆசிரியர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி, மறு குழுவுக்கு மாதந்தோறும் பள்ளிக்கே ஆள். ஈராண்டு கழித்துப் பார்த்தால், ஆள் வந்த பள்ளிகளின் பிள்ளைகள் பெற்ற முன்னேற்றம் மற்றதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. செலவும் அதிகம்தான். ஆனால் பலனை வைத்துப் பார்த்தால் அந்தக் கூடுதல் செலவு நியாயமானது.

சரி, ஆள் வருவதற்குப் பதில் கைக்கணினியைக் கொடுத்துப் போனிலேயே வழிகாட்டினால் என்ன என்று அதே ஆய்வுக் குழுவினர் பின்னர் ம்புமலங்கா மாகாணத்தில் ஆங்கிலப் பாடத்துக்குச் சோதித்தார்கள். நம் ஊரில் இந்தக் கேள்வி இன்றோ நாளையோ எழும் என்பதால் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்றாண்டு முடிவில், நேரில் ஆள் வந்த பள்ளிகளில் ஆங்கிலப் பேச்சு, வாசிப்பு இரண்டும் உயர்ந்தன. போன் வழியில் பேச்சு மட்டும் கொஞ்சம் உயர்ந்தது, வாசிப்பில் பலன் இல்லை, தாய்மொழி வாசிப்பு பின்தங்கியது. மலிவான வழி என்று போய்க் கையில் இருந்ததையும் விட்ட கதை.

அப்படியானால் மூன்றாவதுதான் வெற்றி என்று முடித்துவிடலாமா? இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, அமெரிக்காவில் 2018இல் 60 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொன்னது: இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் பெரிய அளவுக்குக் கொண்டுபோகும்போது பலன் சுருங்குகிறது. நல்ல வழிகாட்டிகள் நூறு பேர் கிடைப்பார்கள், ஆயிரக்கணக்கில் கிடைக்க வேண்டுமே.

மற்றது நம் ஊர்ச் சிக்கல். பள்ளிக்கு வரும் ஆட்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆசிரியர் பயிற்றுநர் என்ற பதவியே அதற்காக வந்ததுதான். எங்கள் பக்கத்தில் அவர் வந்தால் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போவார். பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் வருகை ஏறியதா, மதிப்பீடு முடிந்ததா, படம் எடுத்து அனுப்பியாச்சா என்று கேட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்புவார். குறை சொல்லவில்லை, அவர் தலையிலும் மேலிடம் பத்து வேலையைக் கட்டியிருக்கிறது. எல்லா வட்டாரத்திலும் இப்படித்தான் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் சரிபார்க்க வருபவரிடம், "சார், எனக்கு இதை ஆன் பண்ணவே வரலை" என்று எந்த ஆசிரியை சொல்வாள்? திரையின் முன் நின்று நன்றாக ஓடும் பாடத்தைத்தான் காட்டுவாள். தென்னாப்பிரிக்காவில் மாதாமாதம் வந்தவரின் வேலை சொல்லிக்கொடுப்பது. அந்த வேறுபாட்டை விட்டுவிட்டு வருகையை மட்டும் எண்ணினால் மூன்றாம் வழி முதல் வழியை விட மோசம்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

பாடம் எடுக்கும் முறை புதிது என்றால் வள மையம். செயலி மாறியது என்றால் வீடியோ, அதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வகுப்பறையில் நிற்கும் கருவி என்றால் பள்ளிக்கு ஆள் வர வேண்டும், குறைந்தது இரண்டு முறை. முதல் முறை எதுவும் மனதில் நிற்காது. ஒரு மாதம் தடுக்கி விழுந்த பிறகுதான் என்ன கேட்க வேண்டும் என்றே தெரியும். ஒரு வட்டாரத்தில் இருபது ஈராசிரியர் பள்ளிகள் என்று வையுங்கள். பள்ளிக்கு அரை நாள் வீதம் போனால் ஒருவருக்குப் பத்து நாள் வேலை. இரண்டு சுற்றுக்கு இருபது நாள். நாற்பது வகுப்பு நாட்களை இழப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆளுக்கு எங்கே போவது என்றால், பக்கத்துப் பள்ளிக்கு. எனக்கு அப்படித்தான் விடிந்தது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பழக்கமான இளம் ஆசிரியர் ஒருவர், தம்பி வயசு, ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கு வந்தார். உறையைக் கழற்றினார். திரையை ஆன் செய்து, ஓடுவதைக் காட்டிவிட்டு, பின்னால் போய்க் கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகினார். "டீச்சர், இப்ப நீங்களே சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார். ஆறு நிமிடம் ஆனது. பிறகு ஒலியை நிறுத்தினார், நெட்டைத் துண்டித்தார், ஒவ்வொன்றையும் நானே தேடித் திருத்தினேன். கடைசியில் ஒரு தாளில் ஐந்து வரி எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினோம். முதல் வரி: நோ சிக்னல் வந்தால் சோர்ஸ் இரண்டு முறை. அந்தத் தாளைப் பார்த்து நாலாம் வகுப்புப் பிள்ளைகளே இப்போது சரிசெய்துவிடுகிறார்கள்.

அவருக்கு அந்தச் சனிக்கிழமை எந்தக் கணக்கிலும் சேரவில்லை. பயிற்சி நாளாகவும் இல்லை, ஈடுசெய் விடுப்பும் இல்லை. இப்படி உதவுபவர்களுக்கு மாதம் ஒருநாளைப் பணி நாளாகக் கணக்கில் எழுத ஓர் ஆணை போட்டால் போதும், பாதிப் பள்ளிகளில் உறை கழன்றுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன வாரத்திலிருந்து எங்கள் திரை காலையில் ஆன் செய்ததும் புதிய அப்டேட் வேண்டுமா என்று கேட்கிறது. 'இப்போது', 'பிறகு' என்று இரண்டு பொத்தான்கள். இப்போது என்று அழுத்தி, பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது ஐந்து வரியில் இல்லை. 'பிறகு' அழுத்திக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.