புதிய துப்பறிவாளருக்கு ஏற்ற ஊர்: கன்னியாகுமரியா, மார்த்தாண்டமா?

தொழிலுக்குப் புதிதான தனியார் துப்பறிவாளர் ஒருவரை வைத்து நகைச்சுவைக் குற்றப் புதினம் எழுத விரும்புவோர், கதை நிகழும் ஊரை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. கன்னியாகுமரியில் சூரிய உதயம் காணத் திரளும் வெளியூர்க் கூட்டத்திற்குள் அவர் எளிதாக மறைந்துகொள்ளலாம். ஆனால் அவர் பின்தொடரும் ஆளும் அதே கூட்டத்தில் மறைந்துவிடுவார் என்பதைத் தவிர, அங்கே சிரிப்புக்குப் பெரிதாக இடமில்லை.

என் தேர்வு, அதே மாவட்டத்தில் கேரள எல்லைக்கு அருகிலுள்ள மார்த்தாண்டமே. தேநீர்க் கடையோரம் செய்தித்தாளால் முகத்தை மறைத்து நிற்பவரிடம் ஒரு பெரியவர், "நீ யாருக்க மோன்?" (யாருடைய மகன்?) என்று கேட்டுவிட்டால், வீட்டுப் பெயர், தாய்மாமன், பார்க்கும் வேலை என அனைத்தையும் ஒப்பிக்க நேரும், துப்பறிய வந்தவரே துப்பறியப்படுவார். (அவர் சொல்லும் பொய்யைப் பக்கத்துக் கடைக்காரர் திருத்துவதும் நடக்கும்.) சொத்துத் தகராறு வழக்கென்றால் இன்னும் வசதி: 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை இப்பகுதி, இன்றைய கேரளத்தின் முன்னோடியான திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும், பெரும்பாடுபட்டுக் கைப்பற்றிய தடயத்தை வாசித்துக்காட்டச் சொல்லி, சந்தேகத்திற்குரியவரின் பாட்டியிடமே அவர் போய் நிற்க வேண்டிவரலாம்.