இரண்டு வருடமாக என்னிடம் இருக்கும் அனிமோமீட்டர்

குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் உண்மையில் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் காற்றின் வேகத்தை அளக்கும் இந்தக் கருவியை வாங்கினேன். உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் சின்ன இறக்கைச் சக்கரம் சுற்றும் சாதாரண மாடல்.

முதல் நாள் ஃபேனுக்கு நேராகப் பிடித்தேன். எண் ஒரு நொடி கூட நிற்கவில்லை. ஃபேனை ஒட்டிக் காற்று சுழன்று வருவதால் அங்கே எடுக்கும் அளவை நம்பவே முடியாது. அப்புறம் அட்டையில் 20 செ.மீ. சதுரத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்குக் கூண்டு செய்து, ஃபேன் காற்றை இழுக்கும் பக்கம் இடைவெளி இல்லாமல் ஒட்டினேன். கூண்டின் வாயில் நூல் கட்டி ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் பிடித்துப் பார்த்தேன். நடுக் கட்டத்தில் நொடிக்கு 1.9 மீட்டர், பக்கங்களில் 1.6, மூலைகளில் 1.3. சராசரி 1.5. பரப்பு 0.04 சதுர மீட்டர். பெருக்கினால் நொடிக்கு 60 லிட்டர், அதாவது சுமார் 127 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). நடுவில் மட்டும் அளந்திருந்தால் கால் பங்குக்கு மேல் கூடுதலாகக் காட்டியிருக்கும்.

சரிதானா என்று பார்க்க, 240 லிட்டர் குப்பைப் பையைக் காற்றில்லாமல் நன்றாகச் சுருட்டி, வெளியே ஃபேன் வாயில் வைத்துப் பிடித்தேன். புடைத்து நிற்க நாலு நொடி. அதே 60 லிட்டர்! அன்று வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. ஸ்டாப்வாட்சை அரை நொடி தவறி அமுக்கினாலே கணக்கு பத்து சதவீதத்துக்கு மேல் மாறிவிடும் என்பதால், ஐந்து தடவை செய்து சராசரி எடுத்தேன்.

ஒரு வருடம் கழித்து அளந்தபோது சராசரி 1.1 தான் வந்தது. இறக்கைகளைத் துடைத்தேன், மோட்டார் போய்விட்டதோ என்று புது ஃபேன் வரை யோசித்தேன். கடைசியில் பழைய பையை எடுத்து வைத்தால் அதே நாலு நொடி! கோளாறு ஃபேனில் இல்லை. அனிமோமீட்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்: சக்கரத்தின் அச்சில் ஒரு தலைமுடி மூன்று சுற்றுச் சுற்றி, தூசியோடு இறுகியிருந்தது. ஊசி முனையால் இழுத்து எடுத்ததும் மறுபடி 1.5.

மின்விசிறியின் மெல்லிய காற்றை அளக்க இது அவ்வளவு தோதில்லை. வேகம் குறைந்தால் சக்கரம் நகரவே தயங்குகிறது. குழாய், கூண்டு, பிளோயர் வாய் என்றால் தாராளமாக வாங்கலாம். இப்போதெல்லாம் அளக்கும் முன் சக்கரத்தில் லேசாக ஊதி, அது தானாக மெல்ல நிற்கிறதா, சட்டென்று நிற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். குப்பைப் பையும் மடித்து அதே டப்பாவில்தான் இருக்கிறது.